இரைச்சலுக்குள் ஒரு குரல்

எங்கள் வீட்டில் ஒரு கசற் இருக்கிறது. அறுபது நிமிடம் ஓடும் சாதாரணக் கசற்தான். அதன்மேல் ஒட்டிய தாளில் "தம்பிக்கு. பழுது" என்று அம்மாவின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பழுது என்று ஒதுக்கி வைத்த அந்தக் கசற்தான் முப்பது வருடமாக எங்களோடு இருக்கிறது. நல்லது என்று அனுப்பி வைத்த கசற் எப்போதோ தொலைந்துவிட்டது.

இதை வாசிக்கும் சகோதரிகள் பலரின் வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். கலியாண வீட்டில் பதிந்த கசற், வெளிநாட்டுக்குக் கதைத்து அனுப்பிய கசற், பழைய கைத்தொலைபேசி ஒன்றுக்குள் கிடக்கும் ஒரு குரல். அவற்றைப் பற்றியும், சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஒரு பழைய இரும்புப் பெட்டியைப் பற்றியும், என் தொழிலில் நான் பல வருடமாகச் செய்துவந்த ஒரு பிழையைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன். இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை.

1994 ஆம் ஆண்டு. எனக்கு ஏழு வயது. ஜேர்மனியில் இருந்த மாமாவுக்கு மகன் பிறந்திருந்தான். செய்தி கடிதத்தில் வந்து சேர்வதற்கே பல வாரங்கள் எடுத்தன. பேரனைப் பார்க்க முடியாத அம்மம்மா, தன் குரலையாவது அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவருக்குத் தாலாட்டு நன்றாக வரும். அவர் பாடித் தூங்காத பிள்ளை எங்கள் சொந்தத்தில் இருக்கவில்லை. இந்த ஒரு பிள்ளைதான் தவறிப்போனது.

ரேப் றெக்கோடர் வீட்டில் இருந்தது. அதை ஓட்டப் பற்றரி இல்லை. வட்டக்கச்சியில் அன்று மின்சாரமும் இல்லை. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. அந்த நாட்களில் எம்மவர்கள் கண்டுபிடித்த வழி சைக்கிள் டைனமோ. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லை மிதித்துச் சுற்றினால், லைற்றுக்கு வரவேண்டிய 6 வோல்ற் மின்சாரம் றேடியோவுக்கு வரும். செய்தி கேட்கும் வீடுகளில் ஒருவர் மிதிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் மிதிப்பவர் அண்ணா. அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. டைனமோவில் வரும் மின்சாரத்தை அப்படியே ரேப் றெக்கோடருக்குக் கொடுக்க முடியாது, அது முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்கும் மின்சாரம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். உடைந்த றேடியோவில் இருந்து நான்கு டயோட்டுகளைக் கழற்றி, ஒரு பலகைத் துண்டில் பொருத்தி, அந்த மின்சாரத்தை ஒரு பக்கமாக ஓட வைத்திருந்தார். றேடியோ திருத்துபவர் ஒருவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துப் பழகிய வேலை அது.

ஒரு பின்னேரம் முற்றத்து மாமரத்தின் கீழ் பதிவு தொடங்கியது. அண்ணா மிதிக்க, சில்லு இரைந்து சுற்ற, அம்மம்மா பேசினார். மழை பெய்ததா, இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தப் பசு கன்று போட்டது என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு தாலாட்டுப் பாடினார். நடுவில் இருமினார். சேவல் கூவியது. நான் சிரித்தேன். அம்மா என்னை அதட்டினார். பாட்டு முடியும் தறுவாயில் அண்ணாவுக்குக் கால் களைத்துவிட்டது.

போட்டுக் கேட்டபோது எல்லோருக்கும் சிரிப்பு. பதியும்போது சில்லு மெதுவாகச் சுற்றினால் நாடாவும் மெதுவாக ஓடும். பிறகு ஒழுங்கான வேகத்தில் போட்டால் அந்த இடங்களில் குரல் கீச்சிடும். "இதென்ன, நான் கிளிக்குஞ்சு மாதிரிக் கத்துறன்? இதை அனுப்பினால் பிள்ளை பயந்து அழும்" என்று அம்மம்மா சொல்லிவிட்டார். மறுநாள் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் பற்றரியை இரவல் வாங்கி, வேறு கசற்றில் திருத்தமாகப் பதிந்து, கொழும்புக்குப் போனவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அது மாமாவிடம் போய்ச் சேர்ந்தது. வீடு மாறி வீடு மாறி, பிறகு அங்கே தொலைந்தும் போனது. பழுது என்று எழுதப்பட்டது மட்டும் எங்கள் அலுமாரியில் தங்கியது.

அம்மம்மா 2004 இல் காலமானார். 2009 ஜனவரியில் நாங்கள் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். அந்தப் பாதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் நடந்த பாதைதான். ஒவ்வொரு இடத்திலும் சுமை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அம்மாவிடம் இருந்தது ஒரு பைதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி, பொலித்தீனில் சுற்றிய அந்தக் கசற். ஏன் அதை எடுத்தார் என்று பிறகு கேட்டேன். "அம்மாவின்ரை குரல் தானே" என்றார்.

அந்த மே மாதத்தில் அண்ணாவைக் காணவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முகாமில் இருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து அம்மா நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடுப்பு. எந்தப் படிவமும் அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அடையாள அட்டை அளவில் ஒரு படம் மட்டும்தான் மிஞ்சியது.

2023 இல் அந்தக் கசற்றை யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவு செய்யும் ஒரு இளைஞரிடம் கொண்டுபோனேன். நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் பொறுமையாகத் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி, கணினியில் ஏற்றித் தந்தார். அதை அப்படியே பெர்லினில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். யாருக்காக அந்தத் தாலாட்டுப் பாடப்பட்டதோ அந்தப் பிள்ளைதான் அவர். வளர்ந்து ஒலிப்பதிவுத் தொழிலிலேயே இருக்கிறார். தன் அப்பம்மாவின் குரலை அவர் கேட்டதாக நினைவே இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு வட்ஸ்அப்பில் முகம் காட்டி அழைத்தார். "மாமி, அப்பம்மாவின்ரை குரலை நான் வடிவாக் கழுவித் தாறன். என்னட்டை ஒரு நல்ல சாமான் இருக்கு" என்று கமெராவைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முன்னால் பெரிய கறுப்புக் குமிழ்கள். ரஷ்ய எழுத்துகள். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இதென்ன, பழைய மாவரைக்கிற மில்லுச் சுவிச்சோ?" என்று கேட்டார்.

அது சோவியத் காலத்து வால்வு ஈக்குவலைசர். ஈக்குவலைசர் என்றால் ஒலியைச் சமன்செய்யும் கருவி. எங்கள் ஊர் லவுட்ஸ்பீக்கர்காரர்களின் அம்பிளிபயரில் 'பேஸ்', 'ட்ரெபிள்' என்று இரண்டு குமிழ்கள் இருக்குமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வுகள் என்ற கணக்கு. பறையின் அடி கீழே இருக்கும். கொலுசுச் சத்தம் மேலே இருக்கும். ஈக்குவலைசர் இந்த நீளத்தில் ஒரு பகுதியை மட்டும் பிடித்து உயர்த்தும், அல்லது தாழ்த்தும்.

இதன் பிறப்பு தொலைபேசிக் கம்பியோடு தொடர்புடையது. நீண்ட கம்பியில் குரல் போகும்போது அதன் மேல்பகுதி கூடுதலாகத் தேய்ந்துபோகும். வழியில் இழந்ததைத் திருப்பிச் சமப்படுத்துவதற்குத்தான் இந்தக் கருவியைச் செய்தார்கள். அதனால்தான் சமன்செய்யும் கருவி என்ற பெயர். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 தொடக்கம் 3,400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும்தான் கடத்தின. தொலைத்தொடர்பு நிலையங்களில் மணிக்கணக்காகக் காத்திருந்து வெளிநாட்டுக்குக் கதைத்த நாட்களில், பிள்ளையின் குரல் மெலிந்துபோய்க் கேட்கிறது, சாப்பிடுகிறானோ தெரியாது என்று நம் அம்மாமார் கவலைப்பட்டார்களே, அந்த மெலிவில் ஒரு பங்கு கம்பியினுடையது.

வால்வு என்பது கண்ணாடிக் குழாய். எங்கள் பாட்டன்மாரின் றேடியோக்களில் இருந்தது. சுவிச்சைப் போட்டால் உடனே பாடாது. சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் இழை சூடாகி, அதிலிருந்து புறப்படும் மின்துகள்களை ஒரு சிறு கம்பி வலை கட்டுப்படுத்தும். நுண்ணிய ஒலி அப்படித்தான் பெரிதாகிறது. 1904 இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் முதலாவது வால்வைச் செய்தார். 1906 இல் அமெரிக்காவில் டி பொறெஸ்ட் அதற்குள் அந்த வலையைச் சேர்த்தார். 1925 இல் கொழும்பில் வானொலி தொடங்கியபோது எல்லாமே வால்வுகளால்தான் நடந்தன. 1947 இல் ட்ரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உலகம் மெல்ல மெல்ல வால்வை விட்டு விலகியது.

சோவியத் நாடு அவ்வளவு கெதியாக விலகவில்லை. 1976 இல் பெலென்கோ என்ற சோவியத் விமானி தன் மிக்-25 போர் விமானத்தோடு யப்பானுக்குத் தப்பிப்போனார். அதைக் கழற்றிப் பார்த்த மேற்கு நாட்டவர்கள், உள்ளே வால்வுகள் இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். போர் விமானத்துக்குள் இருந்த அதே வகைப் பொருள் பாட்டுப் பதியும் அறைக்குள்ளும் இருந்தது. திரைப்படத் துறைக்குக் 'கினாப்' என்ற பெயரில் இயங்கிய தொழிற்சாலைகள் கருவிகள் செய்தன. லெனின்கிராட்டில் இருந்த 'லோமோ' நிறுவனம் ஒலிவாங்கிகளுக்கும் பெயர் பெற்றது. 1964 இல் உருவான 'மெலோடியா' என்ற அரச நிறுவனம் இசைத்தட்டுகளை வெளியிட்டது. கலையகங்களுக்கான இந்தக் கருவிகளைக் கடையில் போய் வாங்க முடியாது. வானொலி நிலையங்களுக்கும் கலையகங்களுக்கும் தேவையான அளவுக்கு மட்டும் செய்தார்கள். 1991 இல் அந்த நாடு சிதறியபோது, பழைய மின்கருவிகளுக்குள் இருந்த தங்கம், வெள்ளித் துணுக்குகளுக்காகவே பலர் அவற்றை உடைத்து உருக்கினார்கள். அதனால் தப்பிய கருவிகள் இப்போது அரிது. மச்சானுடையது கிழக்கு ஐரோப்பாவில் மூடப்பட்ட ஒரு திரைப்படக் கலையகத்தில் இருந்து வந்ததாம்.

நாட்டோடு சேர்ந்து எல்லாம் உடைந்தபோது தப்பி வந்த ஒரு பெட்டி. அதைப் பார்த்தபோது அம்மாவின் பைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மச்சான் ஒரு வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் பெயர் 6 என்ற எண்ணில் தொடங்கியது. இழையைச் சூடாக்கத் தேவையான மின்னழுத்தம்தான் அந்த 6 என்றார். சரியாகச் சொன்னால் 6.3 வோல்ற். எங்கள் சைக்கிள் டைனமோவும் 6 வோல்ற்தான் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்கு டைனமோக் கதை தெரியாது. அதை அப்போதே முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான்காம் நாள் ஒலிக்கோப்பு வந்தது. விளக்கு வைத்த நேரம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போட்டுவிட்டேன்.

அம்மம்மா எங்கள் பக்கத்தில் இருந்து பேசுவது போல இருந்தது. கீச்சிட்ட இடங்களையும் அவர் கணினியில் வேகத்தைச் சரிசெய்து திருத்தியிருந்தார். இருமல் இல்லை. சேவல் இல்லை. தாலாட்டுத் தெளிவாக, சூடாக, ஒரு கறையும் இல்லாமல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து எதையோ தேடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது.

"அம்மா நல்லாத்தான் பாடுறா," என்றார். பிறகு, "சில்லுச் சத்தம் எங்கை? அவன் எங்கை?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பு கூசியது. பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். அம்மம்மாவின் குரலுக்குக் கீழே, இடைவிடாமல், அந்த டைனமோவின் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. உயர்ந்து, தாழ்ந்து, களைத்து, மறுபடி எழும்பி. அது அண்ணாவின் கால். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் தன் அம்மம்மாவுக்காக மிதித்த மிதி. அவர் அந்தக் கசற்றில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதற்குள் இருக்கிறார். அவர் மிதித்திருக்காவிட்டால் அம்மம்மாவின் குரலே அதில் இருந்திராது.

இத்தனை வருடமாக நான் அந்தக் கசற்றை அம்மம்மாவின் கசற் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா முள்ளிவாய்க்கால் வரை சுமந்தபோதும் அப்படித்தான் நினைத்திருப்பார். பிறகுதான் அது வேறொன்றாக மாறியிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு மச்சானை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் அவர் பேசவில்லை. "மச்சாள், அது வெறும் இரைச்சல் எண்டுதான் நான் நினைச்சன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். உண்மைதான். அவர்மேல் பிழை இல்லை. இரைச்சல் எது, குரல் எது என்று கருவிக்குத் தெரியாது. குமிழைத் திருப்புகிறவர்தான் அதைத் தீர்மானிக்கிறார். எதை நீக்கலாம் என்று அவருக்குச் சொல்லவேண்டியவர்கள், அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்கள்.

அவர் சொன்ன இன்னும் இரண்டு விடயங்கள் என் மனதில் நிற்கின்றன. டைனமோவின் இரைச்சல் சில நூறு ஹேர்ட்ஸில் இருக்கிறது. பெண் குரலின் உடம்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒன்றை வெட்டும்போது மற்றதிலும் கொஞ்சம் போய்விடும். அம்மம்மாவின் மூச்சில் ஒரு பங்கும் அப்படித்தான் போயிருக்கிறது. இரண்டாவது, "முதல் பிரதியிலை நாங்கள் ஒருநாளும் கை வைக்கமாட்டம். அதைப் பத்திரமா வைச்சிட்டுத்தான் கொப்பியிலை வேலை செய்வம்" என்றார். அதனால்தான் அண்ணா பிழைத்தார்.

சகோதரிகளே, இனி என் பிழைக்கு வருகிறேன். நான் சமூகவியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். பத்து வருடத்துக்கு மேலாகப் பெண்களின் கதைகளைக் கேட்டு எழுதுகிறேன். மாதர் சங்கக் கட்டடங்களில், மரங்களின் கீழ், திண்ணைகளில் இருந்து அவர்கள் இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். நான் ஒரு பக்கம் எழுதுவேன். உதவி கொடுப்பவர்களுக்கு அவ்வளவுதான் தேவை. எத்தனை பிள்ளைகள், என்ன இழப்பு, என்ன தேவை. மிச்சம் எல்லாம் எனக்கு இரைச்சலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு வேலிச் சண்டை, கனவு, பகிடி, ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இடையில் எழும்பிப் போய்க் கோழியைத் துரத்துவது.

ஒரு தாய் என்னிடம் பேசிய ஒவ்வொரு முறையும் தன் பசுவைப் பற்றித்தான் தொடங்குவார். மகனைப் பற்றிக் கேட்டால் பசுவைப் பற்றிச் சொல்வார். நான் "கால்நடை இழப்பு: 1" என்று எழுதிவிட்டுப் பொறுமையாக மகனுக்கு வருவேன். ஒருநாள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரிதான் பிள்ளை. ஆனால் இது என்ரை கதை மாதிரி இல்லை" என்றார். அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தாலாட்டுக் கசற்றுக்குப் பிறகு அவரிடம் திரும்பப் போனேன். பசுவைப் பற்றியே சொல்லுங்கோ அம்மா என்றேன். வெளிக்கிட்ட அன்று மகன் அந்தப் பசுவை அவிழ்த்துவிட்டு, அது எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னானாம். கயிறு கழுத்தை அறுக்கும் என்று, கயிற்றையும் கழற்றி எடுத்தானாம். அந்தக் கயிறு இப்போதும் அவரிடம் இருக்கிறது. மகனைப் பற்றித்தான் அவர் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதைத் தாழ்த்திவிட்டிருக்கிறேன்.

படிவம் தேவை. சுருக்கம் தேவை. அதில்லாமல் உதவி வராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சுருக்கம் என்பது கொப்பி. முதல் பிரதி வேறு. இப்போது ஒருவர் விரும்பினால் மட்டும், அவர் சம்மதத்தோடு, பேச்சை முழுமையாகப் பதிந்து அவர் கையிலேயே கொடுக்கிறேன். நான் எழுதியதை வாசித்துக் காட்டி, இதில் எதை விட்டிருக்கிறேன் என்று கேட்கிறேன். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டு ஒரு சிறு விடயத்தைச் சொல்வார்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் கசற் இருந்தால் சில வேலைகளைச் செய்து வையுங்கள். கசற்றின் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு தவறுதலாகவும் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. வெயிலிலும் ஈரத்திலும், ஸ்பீக்கர் போன்ற காந்தம் உள்ள பொருட்களுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பூஞ்சணம் தெரிந்தால் எந்த மெசினிலும் போடாதீர்கள், நாடா அறுந்துபோகும். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து விரைவில் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றியதை இரண்டு இடங்களிலாவது வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று நம்பிக்கையான வேறொருவரிடம். கைத்தொலைபேசியில் இருக்கும் குரல்களுக்கும் இதே கவனம் வேண்டும். போன் பழுதானால் குரலும் போய்விடும். ஊர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்க விரும்புகிறவர்களுக்கு, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகமும் இருக்கிறது. புத்தகங்களோடு ஒலிப்பதிவுகளையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள். பகிர்வதா, வீட்டோடு வைத்திருப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

இன்னும் ஒன்று. ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள். பேசுவது யார், எந்த வருடம் என்பதோடு நிறுத்தாதீர்கள். பின்னால் கேட்கும் சத்தங்கள் எவை, இருமுவது யார், கதவைத் திறப்பது யார், தூரத்தில் கூப்பிடுவது யார் என்பதையும் எழுதுங்கள். நமக்குப் பிறகு கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். எங்கள் மச்சானுக்கு இருந்தது போல.

மச்சான் இரண்டாவது தடவை செய்து அனுப்பினார். இம்முறை அந்தச் சோவியத் பெட்டியில் அவர் எதையும் வெட்டவில்லை. நாடாவின் சீறலைக் கொஞ்சம் தணித்து, அம்மம்மாவின் குரலைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து, டைனமோவை அதன் இடத்திலேயே விட்டிருந்தார். சேவலும் திரும்பி வந்தது. அம்மாவின் அதட்டலும், என் சிரிப்பும் வந்தன. கீச்சிட்ட இடங்களையும் அப்படியே விட்டிருந்தார். தான் அதை நாளுக்கு ஒருமுறையாவது கேட்பதாகச் சொன்னார். தனக்காகப் பாடிய பாட்டு என்பது போய், தனக்காக ஒரு முற்றமே கூடியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறதாம்.

அம்மா சில நாட்களில் அதைக் கேட்பார். சில நாட்களில் வேண்டாம் என்பார். அண்ணாவைத் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. அவருடைய படத்துக்கு மாலை போடவும் இல்லை. இந்த ஒலி எதற்கும் முடிவு தரவில்லை, தர வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணாவின் படத்தைக் கேட்டு யாராவது வந்தால், இப்போது அம்மா படத்தோடு போனையும் எடுத்து வைக்கிறார். "இது அவன் மிதிக்கிற சத்தம்" என்று அவர்களுக்குச் சொல்கிறார்.

கசற் முடிகிற இடத்தில் அம்மம்மா, "காணும் ராசா, கால் நோகும், இறங்கு" என்கிறார். இரைச்சல் மெல்ல அடங்க, அவர் குரல் மேலே மேலே ஏறி ஒரு குருவியின் குரலாகி நிற்கிறது. அண்ணா காலை எடுத்துவிட்டார்.